பத்துவிரலும் ஒற்றைச் சுரமும்

மனித குலத்தின் சரிவு, கீபோர்டில் தானே வாசித்துக்கொள்ளும் பொத்தானை வைத்த அன்றே தொடங்கிவிட்டது என்று பத்துவிரல் அறிவித்தார். போர், பஞ்சம், வெள்ளம் எல்லாம் அதற்குப் பிறகுதானாம். அதற்கு முன்னால் நடந்த போர்கள் எந்தக் கணக்கு என்று கேட்க வேண்டிய மைத்துனன் வாயில் திருப்புளி இருந்தது. பழுதான பெடலைச் சரிசெய்ய வந்தவன் அவன்.

நடனப் பயிற்சிக் கூடத்தில் பதினொரு ஆண்டுகளாக வாசிக்கிறார். பத்து விரலும் உழைக்காத வாசிப்பு வாசிப்பே அல்ல என்று சொல்லிச் சொல்லியே அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. இப்போது வலது மணிக்கட்டில் வலிக்குக் கட்டிய பட்டை. அதற்குக் கீழே உள்ள ஐந்து விரல்களும் காலையிலிருந்தே விடுப்பு கேட்டுக்கொண்டிருந்தன. நடன டீச்சரோ தெளிவாகச் சொல்லிவிட்டார்: "வேகம் இன்னொரு தடவ இறங்குச்சுன்னா நாளையிலேர்ந்து ரெக்கார்டிங் போட்டுக்கறேன் சார். தப்பா எடுத்துக்காதீங்க." வேறு எப்படி எடுத்துக்கொள்வது என்று அவருக்குத் தெரியவில்லை.

மைத்துனன் கூடத்தின் வேகத்துக்குப் பொருத்தி, அந்தப் பொத்தானை அழுத்தினான். "ஒரு கட்டைய தொட்டாப் போதும், மீதிச் சுரத்தயெல்லாம் இதே வேகத்துல பெட்டியே வாசிச்சுக்கும். சும்மா ஒரு தடவ வாசிச்சுப் பாருங்க மாமா."

ஒரு கட்டையை விடுமுன் அடுத்ததைத் தொடுவது அவர் கைப்பழக்கம். பெட்டி இரண்டையும் சேர்த்துப் பிசைந்து கொடுத்தது.

"பாத்தியா? நாலு பேர் ஒரே நேரத்துல சண்ட போடற மாதிரி இருக்கு."

"ஒத்தைச் சுரத்துல வைக்கணும் மாமா. எத்தன கட்டைய அழுத்தினாலும் ஒண்ணத்தான் எடுத்துக்கும். கீழ இருக்கறதா, மேல இருக்கறதா, கடைசியா தொட்டதான்னு நாமளே சொல்லிடலாம்."

"கடைசியா பேசினவங்க பேச்சுதான் எடுபடும்னா, உங்க அக்கா அந்த செட்டிங்லதான்டா ஓடறா."

"சிரிங்க. கடைசியா தொட்டதுல வச்சுட்டேன். இனிமே ஒரு விரல் போதும்."

"ஒரு விரலால காலிங் பெல் அடிக்கலாம்டா." பொத்தானை அவரே அணைத்தார்.

மூன்று மணிக்கு வேகமான பகுதி. பதினாறு ஜோடிக் கால்கள். நான்காவது சுற்றில் சுண்டுவிரல் நின்றது. மோதிர விரலும் அதனோடு சேர்ந்துகொண்டது. டீச்சரின் தலை மெல்லத் திரும்பத் தொடங்கியது.

அது முழுதாகத் திரும்புவதற்குள் இடது கை பொத்தானைத் தொட்டுவிட்டது.

சுரங்கள் மணிமணியாக ஓடின. பழக்கதோஷத்தில் விரல் பழைய கட்டையிலேயே தங்கினாலும் பெட்டி அதைக் கண்டுகொள்ளவில்லை. கடைசியாகத் தொட்டதைப் பிடித்துக்கொண்டு போய்க்கொண்டே இருந்தது. ஒரு காலும் பிசகவில்லை. டீச்சரின் தலை வந்த வழியே திரும்பிப் போனது.

மூலையில் மைத்துனன் பெடலைத் துடைத்துக்கொண்டிருந்தான்; அது எப்போதோ பளபளத்துவிட்டது. பத்துவிரல் அவன் பக்கமே பார்க்கவில்லை. இப்போது ஆள்காட்டி விரல் மட்டும் கட்டையை அழுத்தியது. மற்ற ஒன்பதையும், டீச்சர் கண்ணுக்குத் தெரியும்படி, கட்டைகளில் படாமல் மும்முரமாக அசைத்துக்கொண்டிருந்தார்.