இரண்டு வால் பூச்சி

"ஆத்துக்குப் போற நாள்ல மட்டும் என்கூட யாரும் வரக்கூடாது. பதில் சொல்லிக்கிட்டே என்னால பூச்சி எண்ண முடியாது."

"சரி. நான் கடிகாரத்தைப் பிரிச்சு வச்சிருக்கும்போது நீயும் பேசக்கூடாது."

கல்யாணத்துக்கு முன்னால் இருவரும் தனியாகப் பேசியது இவ்வளவுதான். பன்னிரண்டு வருஷமாகக் கடிகாரக்காரர் வாக்குத் தவறவில்லை. ஆனால் மனைவி முழங்கால் பூட்சும் வலையுமாக வண்டியைக் கிளப்பும்போதெல்லாம், நானும் வரட்டுமா என்ற கேள்வி தொண்டைவரை வந்துவிட்டுத் திரும்பிப் போகும்.

ஆற்று நீரைச் சோதிப்பது அவள் உத்தியோகம். அவளைக் குறித்த வியப்பு அவருக்குத் தீரவே இல்லை. ஆற்றடியைக் காலால் கிளறி, கலங்கி வருவதை வலையில் பிடித்து, வெள்ளைத் தட்டில் கொட்டுவாள். எந்தப் பூச்சி பிழைத்திருக்கிறது என்பதை வைத்தே தண்ணீரின் லட்சணத்தைச் சொல்லிவிடுவாள். மருமகள் பூச்சியைக் கேட்டுத்தான் தண்ணீரே குடிப்பாள் என்று அவருடைய அம்மா தெருவெல்லாம் பெருமை அடித்துக்கொள்வார்.

அந்தச் சனிக்கிழமை சாப்பாட்டு மேஜையில் ஒரு சின்னக் குப்பி இருந்தது. உள்ளே இரண்டு வால் பூச்சி. மிகச் சுத்தமான நீரில் மட்டுமே வாழ்வது. சாக்கடையாகக் கிடந்த ஆற்று வளைவில் அது கிடைத்ததென்று மேலதிகாரி காலையிலேயே போனில் பாராட்டித் தள்ளியிருந்தார். அவள் மட்டும் பூச்சியைத் தட்டில் வைத்து, பூதக்கண்ணாடியை விட்டுத் தலை தூக்கவில்லை.

"இங்க வாங்க. இதுக்கு வால் எத்தனை?"

குனிந்து பார்த்தார். இரண்டு வால். நடுவே, முள் ஒடிந்த இடத்தில் மிஞ்சுவதுபோல ஒரு துணுக்கு. சொன்னால் அவளுக்குக் கிடைத்த பாராட்டு போய்விடும். மறைக்கவும் மனம் வரவில்லை.

"மூணு. நடுவுல உள்ளது ஒடிஞ்சிருக்கு."

"எனக்கும் அப்படித்தான் தெரியுது. என் இடுக்கி பட்டுத்தான் ஒடிஞ்சிருக்கும்."

மூன்று வால் பூச்சியானால் கொஞ்சம் அழுக்கையும் தாங்கும். ஆறு இன்னும் தேறவில்லை. அவள் அறிக்கைத் தாளில் இரண்டு வால் பூச்சி என்ற வரியை அடித்துவிட்டாள். மேலதிகாரியை அழைத்து, தவறு தன்னுடையதுதான், நாளை மறுபடி பூச்சி பிடித்துப் பார்க்கிறேன் என்று நிதானமாகச் சொன்னாள். சாக்குப்போக்கு ஒன்றுமில்லை. போனை வைத்த பிறகுதான் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

பார்த்துக்கொண்டே இருந்தவரால் அதற்குமேல் அடக்க முடியவில்லை.

"நாளைக்கு நானும் உன்கூட ஆத்துக்கு வரட்டுமா?"