தமிழ்மொழி பெட்ரோல் வண்டி வாங்குவதற்கு ஒரு காரணம் தேவைப்படுகிறது

1

இந்தக் கதை ஒரு சண்டையில் பிறந்தது. என்னுடைய சண்டை இல்லை. வடலூர் பேருந்து நிலையத்துக்கு எதிரே டீ குடித்துக்கொண்டிருந்தேன். பக்கத்து பெஞ்சில் ஒரு பெண் போனில் யாரிடமோ கத்திக்கொண்டிருந்தாள். "வண்டி நான் வாங்கறன், நான் ஓட்டப்போறன். டீசலா பெட்ரோலான்னு ஊரே கூடி முடிவு பண்ணுவீங்களா?" போனை வைத்தாள். ஆறிப்போன டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டு, நெய்வேலி மைன்ஸ் அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு போய்விட்டாள். எனக்குக் கிடைத்தது அவ்வளவுதான். மிச்சமெல்லாம் நான் இட்டுக்கட்டியது. இப்போதே சொல்லிவிடுகிறேன், பிறகு வந்து என் சட்டையைப் பிடிக்கக் கூடாது.

அதே வாரம் பத்திரிகை நடத்தும் ராஜாங்கம் போனில் கூப்பிட்டார். ஒரு சிறப்பிதழ் தொகுக்கிறாராம். "நெய்வேலிப் பக்கம் இருக்கீங்க. மைன்ஸுக்கு நிலம் போன வலிய வச்சு ஒரு கதை குடுங்களேன்" என்றார். வலி வேண்டுமென்றால் எல்லோருக்கும் எங்கள் ஊர்ப்பக்கத்து ஞாபகம் வந்துவிடும். கலியாணம், காது குத்து, வம்பு, வாய்க்கொழுப்பு எல்லாம் மற்ற ஊர்க்காரர்கள் எழுதிக்கொள்வார்கள். நான் சரி என்று சொல்லிவிட்டு, டீக்கடைப் பெண்ணுக்குத் தமிழ்மொழி என்று பெயர் வைத்து எழுத உட்கார்ந்தேன்.

2

முதல் தொடக்கம்: "சுரங்கத்தின் ராட்சத வாய் தன் நிலத்தை விழுங்கிய அந்த நாளில் தமிழ்மொழி—"

அடித்துவிட்டேன். ராட்சத வாய் என்று எழுதாதவர்கள் இந்த மாவட்டத்தில் யாரும் பாக்கியில்லை.

இரண்டாவது: "அவள் கண்களில் இன்னும் பச்சை வயல்கள் அலை—"

இதுவும் போயிற்று. அவர்கள் நிலத்தில் போட்டது மல்லாட்டை, மற்ற ஊர்க்காரர்களுக்கு வேர்க்கடலை. மழை ஏமாற்றினால் அதுவும் இல்லை. அலையடிக்க அங்கே ஒன்றும் கிடையாது.

மூன்றாவது: "தமிழ்மொழிக்கு வேகமாகப் போகப் பிடிக்கும்."

இதை வைத்துக்கொள்கிறேன். ராஜாங்கத்துக்குப் பிடிக்காது என்று தெரிந்தே வைத்துக்கொள்கிறேன்.

3

தமிழ்மொழிக்கு வேகமாகப் போகப் பிடிக்கும். அவள் வேலை பார்ப்பது மைன்ஸில், நிலக்கரியையும் மண்ணையும் சுமந்து ஓடும் கன்வேயர் பெல்ட்டின் கண்ட்ரோல் ரூமில். பெல்ட் ஒரே வேகத்தில்தான் ஓடும். ஷிப்ட் முழுக்க அதைப் பார்த்துக்கொண்டிருப்பவளுக்கு வெளியே வந்ததும் எதையாவது முறுக்க வேண்டும் போலிருக்கும். இதுவரை ஸ்கூட்டியை முறுக்கிக்கொண்டிருந்தாள். டவுன்ஷிப் சாலையில் ஸ்கூட்டி திணறும் இடத்தில் அவளுக்கு எரிச்சல் வரும்.

அந்த வேலை எப்படி வந்தது என்பதைச் சொல்லாமல் இந்தக் கதை நகராது. கம்மாபுரத்துக்கு அந்தப் பக்கம் இருந்த நிலம் மைன்ஸுக்குப் போனபோது வீட்டுக்கு ஒரு வேலை என்று வந்தது. அண்ணன் ஜெயகணேஷ் ஒன்பதாவதோடு நின்றவன். இவள் டிப்ளமோ. அண்ணன் கையெழுத்துப் போட்டு வேலையைத் தங்கைக்கு விட்டான். இவள் பெர்மனென்ட் ஆனாள். அவன் அதே மைன்ஸில் கான்ட்ராக்டில் ஓடிக்கொண்டிருக்கிறான். ஒரே கேட்டில் நுழைகிறார்கள், ஆளுக்கொரு பாஸ்.*

அன்றிலிருந்து அந்தக் குடும்பத்தில் அதற்குப் பெயர் நிலத்து வேலை. வருவது நிலத்துச் சம்பளம். நிலம் எல்லோருடையது, ஆகவே சம்பளமும் அதில் வாங்கியதும் எல்லோருடையது. வடக்குத்து கிராமத்தில் அவள் கட்டிய வீட்டில் இருக்கும் ஃப்ரிட்ஜில் சித்தப்பா வீட்டு மீன் இருக்கும். வாஷிங் மெஷினில் சனிக்கிழமை தோறும் அத்தை வீட்டுப் போர்வைகள் சுற்றும். அவள் முகம் சுளித்ததில்லை. கேட்டால் கொடுப்பாள், கேட்காமல் எடுத்தாலும் விடுவாள்.

(கணவன் எங்கே என்று கேட்பீர்கள். இருக்கிறார். பெயர் அன்புச்செல்வன், வடலூரில் மருந்துக்கடை. "உனக்குப் புடிச்சத வாங்கு" என்று ஒரே வரியில் முடித்துக்கொண்டார். அதற்குமேல் இந்தக் கதையில் அவருக்கு வேலையில்லை, அவருக்கும் அது நிம்மதிதான்.)

* ஜெயகணேஷை வில்லனாக்க நான் முயன்று பார்த்தேன். ஒரு மீசையைக்கூட முறுக்கிவிட்டேன். ஒட்டவில்லை. தன் வேலையைத் தங்கைக்குக் கொடுத்துவிட்டு, அதைப் பற்றி ஒருநாளும் குத்திக்காட்டாதவனை எப்படி வில்லனாக்குவது? அவன் குத்திக்காட்டியது ஒரே ஒரு முறை. அது பின்னால் வருகிறது.

4

கார் வாங்கலாம் என்று தமிழ்மொழி வாயைத் திறந்ததுதான் தாமதம், ஜெயகணேஷ் காரைத் தேர்ந்தெடுத்துவிட்டான். டீசல். ஏழு பேர் உட்காரலாம். உயரமான வண்டி.

"டீசல்தான் பாப்பா. இழுவ இருக்கும், மைலேஜ் குடுக்கும், வித்தாலும் வெல போவும். மைன்ஸ்ல மண்ணு ஏத்தற டம்பர்லாம் எதுல ஓடுது? டீசல்லதான?"

"நான் என்னா மண்ணா அள்ளப் போறன்? வூட்லேர்ந்து வேலைக்குப் போறதுக்குக் கேட்டா டம்பர் கத சொல்ற. அதுவுமில்லாம அங்க இருக்கறதுலயே பெரிய மிஷினு கரண்ட்டுல ஓடுதுண்ணா."

"எல்லாத்துக்கும் ஒண்ணு சொல்லிக்கினு இரு."

அதற்குள் வண்டிக்குச் சவாரிகள் குவிந்துவிட்டன. சித்தப்பா மகள் கலியாணத்துக்குப் பெண் அழைப்பு இந்த வண்டியில்தான் என்று சம்பந்தி வீட்டில் சொல்லியாயிற்று. அத்தை வீட்டார் திருப்பதிக்கு நாள் குறித்துவிட்டார்கள். யார் ஜன்னலோரம், யாருக்கு வாந்தி வரும், யார் பின்சீட்டில் மடங்கி உட்கார வேண்டும் என்பதுவரை பேசியாயிற்று. ஓட்டுவது ஜெயகணேஷ், அதைப் பேசவே இல்லை. வாங்கப்படாத ஒரு வண்டியில் வாங்கப்போகிறவளுக்கு மட்டும் இடம் ஒதுக்கப்படவில்லை. இதை யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. வண்டி நிலத்தில் விளைந்தது, அவ்வளவுதான் அவர்கள் கணக்கு.

தமிழ்மொழிக்கு அண்ணன் ஆசை தெரியும். அந்த உயரமான வண்டியின் ஸ்டியரிங்கில் உட்கார்ந்து சம்பந்தி வீட்டு வாசலில் போய் இறங்க வேண்டும் அவனுக்கு. அதைத் தன்னால் கொடுக்க முடியும் என்பதும் தெரியும். கொடுத்தால் இந்த ஜென்மம் முழுக்கக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும் என்பது அதைவிட நன்றாகத் தெரியும்.

5

அவள் ஒருநாள் லீவு போட்டுவிட்டு யாரிடமும் சொல்லாமல் கடலூர் போனாள். ஷோரூமில் கேட்ட முதல் கேள்வி, "சார் வரலீங்களா மேடம்?"

"வண்டி சாருக்கு இல்ல."

அவள் கேட்டது ஒரு சின்ன வண்டி. பார்ப்பதற்கு ஊரில் பாதிப் பேர் வைத்திருக்கும் குட்டி கார் மாதிரியே இருக்கும். உள்ளே மட்டும் டர்போ வைத்த பெட்ரோல் இன்ஜின். ஹாட் ஹேட்ச் என்பார்கள் கார் பைத்தியங்கள். பின்சீட்டில் பெரியவர்கள் உட்கார்ந்தால் கால் மடக்கிப் பழக்கம் இருக்க வேண்டும். பெண் அழைப்புக்கு ஆகாது. திருப்பதிக்குப் போனால் லட்டு வைக்கவும் இடம் தேட வேண்டும்.

சேல்ஸ்மேன் பக்கத்தில் உட்கார, நெரிசல் விட்ட சாலையில் அவள் ஆக்ஸிலரேட்டரை மிதித்தாள். முதுகு சீட்டோடு ஒட்டியது. "மேடம் மேடம்" என்றான் சேல்ஸ்மேன். அவளுக்குச் சிரிப்பு வந்தது. சும்மா உதட்டோரச் சிரிப்பு இல்லை, வாய்விட்டு, கண்ணில் தண்ணீர் வர. பள்ளிக்கூடம் விட்ட பிறகு தான் இப்படிச் சிரித்ததே இல்லையே என்று நினைத்தாள். திரும்பி வந்ததும் புக் பண்ணினாள்.

6

பாதிக் கதையைப் படித்துவிட்டு ராஜாங்கம் போன் செய்தார். எங்கே வலி என்று கேட்பார் என எதிர்பார்த்தேன். அவர் அதைவிட நல்ல கேள்வி கேட்டார்.

"ஏன் பெட்ரோல்னு வாசகனுக்குச் சொல்லணும்ல? இல்லன்னா அவள திமிர் புடிச்சவன்னு நெனச்சுடுவான். ஒரு ஃப்ளாஷ்பேக் வச்சிடுங்க."

எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது. காரணம் தேடினேன். சின்ன வயதில் பாம்பு கடித்து, வண்டி தாமதமாகி, இறந்துபோன ஒரு தங்கை— (வேண்டாம். ஒரு கார் வாங்க ஒரு குழந்தையைக் கொல்வதா?) புகைக்கு மூச்சுத் திணறும் அம்மா— (அம்மா ருக்குமணி திடமாக இருக்கிறார், அடுப்புப் புகையிலும் கத்துவார்.)

கடைசியில் உண்மையான காரணமே ஒன்று கிடைத்தது. இந்தக் கால டீசல் வண்டிகளில் புகையை வடிகட்ட ஒரு ஃபில்டர் இருக்கிறது. நெடுந்தூரம் ஓடினால் சூடேறி, படிந்த கரியை அதுவே எரித்துவிடும். வீட்டிலிருந்து மைன்ஸ், மைன்ஸிலிருந்து வீடு என்று கால் மணி நேர ஓட்டமே ஓடிக்கொண்டிருந்தால் சூடேறாது, அடைத்துக்கொள்ளும். தமிழ்மொழியின் ஷிப்டில் கொளஞ்சிநாதன் இப்படித்தான் டீசல் வாங்கி மாட்டிக்கொண்டான். டேஷ்போர்டில் விளக்கு எரியும்போதெல்லாம் நெடுஞ்சாலையில் விக்கிரவாண்டி வரை வண்டியை விரட்டிப் போய், அங்கே ஒரு டீ குடித்துவிட்டுத் திரும்பி வருகிறான். மைலேஜுக்காக வாங்கியவன்.

அருமையான காரணம். தமிழ்மொழிக்கும் தெரிந்த காரணம். இதை அண்ணனிடம் ஒருமுறை சொன்னால் போதும். "அப்பிடியா, நம்ம ஓட்டத்துக்கு டீசல் ஒத்துக்காதா" என்று அவன் ஊர் முழுக்க அவனே விளக்கம் சொல்லிவிடுவான். சம்பந்தி வீட்டிலும் மானம் போகாது. அவளுக்கும் திமிர்ப் பட்டம் வராது. எல்லோருக்கும் சௌகரியம்.

ஆனால் எத்தனை தடவை எழுதினாலும் அவள் வாயில் அந்த வசனம் நிற்கவில்லை. ஃபில்டருக்காகப் பெட்ரோல் வாங்கினாள் என்றால் ஃபில்டர் இல்லாவிட்டால் டீசல் வாங்கியிருப்பாள் என்று அர்த்தம். அது பொய்.

7

முடிவுகள். என் கையில் மூன்று இருந்தன.

(அ) அம்மாவுக்கு நெஞ்சுவலி. சின்ன வண்டியின் வேகத்தால் உயிர் பிழைக்கிறார். அண்ணன் கண்ணீரோடு பானட்டைத் தடவுகிறான்.

(ஆ) மழையில் வண்டி புளியமரத்தில் மோதுகிறது. ஊர் சொல்கிறது: அப்போதே டீசல் வாங்கியிருக்கலாம்.

(இ) அவளே மனம் மாறி, புக்கிங்கை ரத்து செய்து, ஏழு சீட்டு வண்டியில் எல்லோரும் பாடிக்கொண்டே திருப்பதி—

மூன்றையும் எழுதிப் பார்த்தேன். மூன்றும் நன்றாகவே வந்தன, அதுதான் எரிச்சல். முதலாவதில் அவளுக்கு மன்னிப்பு, இரண்டாவதில் தண்டனை, மூன்றாவதில் திருத்தம். ஒரு பெண் தன் சம்பளத்தில் தனக்குப் பிடித்த காரை வாங்கினால் இந்த மூன்றில் ஒன்று நடந்தே ஆக வேண்டும் என்று எனக்கு யார் சொல்லிக்கொடுத்தது? எனக்குக் கோபம் வந்துவிட்டது. கிழித்தேன்.*

* கணினியில் எழுதுகிறேன், கிழிக்க முடியாது. ஆனாலும் கிழித்தேன்.

8

வண்டி வந்த அன்று வடக்குத்தில் அவள் வீட்டு வாசலில் பத்துப் பதினைந்து பேர் கூடியிருந்தார்கள். புக் செய்ததை அவள் சொல்லியிருந்தாள், எது என்று சொல்லவில்லை. ஜெயகணேஷ் புதுச் சட்டை போட்டு, சூடம், பூமாலை, சக்கரத்தடியில் வைக்க எலுமிச்சம்பழம் எல்லாம் வாங்கிவந்து நின்றான். மாலை பெரிய வண்டிக்குக் கட்டிய மாலை.

சின்ன வண்டி தெருமுனையில் திரும்பி வந்து நின்றது. தமிழ்மொழி இறங்கினாள், இன்ஜினை நிறுத்தவில்லை.

"என்னாடி இது?" என்றார் ருக்குமணி.

ஜெயகணேஷ் வண்டியைச் சுற்றிவந்தான், டேங்க் மூடியில் பெட்ரோல் என்று எழுதியிருந்ததைப் படித்தான். பின்கதவைத் திறந்து பார்த்துவிட்டு மூடினான்.

"இதுல எத்தினி பேரு போவறது பாப்பா?"

"நானு."

"பொண்ணு அழைப்புக்கு நான் வாக்குக் குடுத்துட்டன்."

"என்னக் கேட்டுட்டா குடுத்த?"

அவன் முகம் கறுத்துவிட்டது. இத்தனை வருடம் வாய்க்குள் வைத்திருந்ததை அப்போது சொன்னான். "நான் போட்ட கையெழுத்துலதான உனக்கு இந்த வேல?"

கூட்டத்தில் யாரோ தொண்டையைச் செருமினார்கள். தமிழ்மொழிக்கு வலித்தது. (ராஜாங்கம், நீங்கள் கேட்டது இதுதான். எடுத்துக்கொள்ளுங்கள்.)

"ஆமாண்ணா. நீ போட்ட கையெழுத்துலதான் வந்துச்சி. ஒருநாளும் இல்லன்னு சொல்லமாட்டன். ஆனா வேலய நான் பாக்குறன். மழையில பெல்ட்டு நின்னா நான்தான் எறங்கி நிக்கிறன். அத்தையும் சித்தப்பாவும் வந்து நிக்கல. வூட்டுக்கு வேணுங்கறத எப்பவும் செஞ்சன், இன்னமும் செய்வன். பொண்ணு அழைப்புக்கு வாடவ வண்டி நான் ஏற்பாடு பண்றன், நீயே ஓட்டு. இது மட்டும் எனக்கு."

"செரி. ஏன் பெட்ரோலு? ஒரு காரணம் சொல்லு. நாலு பேரு கேட்டா நான் சொல்லணும்ல?"

அவன் கெஞ்சுகிற மாதிரிதான் கேட்டான். ஃபில்டர் கதையை அவள் சொல்லியிருக்கலாம். நான் அவளுக்கு எதிரே நின்று, சொல்லிவிடேன், எல்லோருக்கும் நல்லது என்று மனதுக்குள் அடித்துக்கொண்டேன்.

"புடிச்சிருக்கு" என்றாள்.

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான்."

அவள் ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்தினாள். கியரைப் போட்டாள். கண்ணாடியை இறக்கி அண்ணனைப் பார்த்தாள். எலுமிச்சம்பழங்கள் அவன் கையில் இருந்தன. சக்கரத்தடியில் வைப்பது எப்போதும் அவன்தான், அந்தக் குடும்பத்தில் வந்த எல்லா ஸ்கூட்டிக்கும் பைக்குக்கும் அவன்தான் வைத்திருக்கிறான். குனிவானா, திரும்பி நடப்பானா?

எனக்குத் தெரியாது. இங்கேயே நிறுத்திக்கொள்கிறேன். அவன் குனிய வேண்டுமென்று நினைக்கிறவர்கள் குனியவையுங்கள். அவன் பக்கத்து நியாயம் பெரிதென்று படுகிறவர்கள் பழத்தை அவன் பாக்கெட்டில் போட்டு வீட்டுக்கு அனுப்புங்கள். இரண்டுக்கும் இடம் விட்டிருக்கிறேன்.

ஆனால் பழம் வைத்தாலும் வைக்காவிட்டாலும் அவள் கிளட்ச்சை விடுவாள், வண்டி போகும். பழத்தைத்தான் உங்களிடம் கொடுத்திருக்கிறேன். சாவியை இல்லை.