டெல்ஃபீனாவுக்கு இல்லாத நோய்

ஜெர்மன் சிப்பாய்கள் ஊருக்குள் வந்த கொஞ்ச நாளில், உருளைக்கிழங்கு உரிக்க ஆள் வேண்டும் என்று இரண்டு பெண்களைக் கூட்டிக்கொண்டு போனார்கள். ஒருத்திதான் திரும்பி வந்தாள். வந்தவளும் அதற்குப் பிறகு வாயைத் திறக்கவில்லை. பெற்றவள் என்ன கேட்டாலும் சுவரைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தாள். எர்சிலியா அந்த வீட்டுக்குப் போய் ஒரு துண்டு பாலாடைக்கட்டியை வைத்துவிட்டு வந்தாள். தன் வீடு வந்து சேர்வதற்குள் என்ன செய்வது என்று முடிவு செய்துவிட்டாள்.

எர்சிலியாவின் புருஷன் கிரீஸ் சண்டையில் போய்ச் சேர்ந்துவிட்டான். மிச்சமிருந்தது ஒரே மகள், டெல்ஃபீனா. பதினாறு வயது. பார்க்க லட்சணமாக இருந்தாள், அதுதான் வம்பாகப் போயிற்று. அவள் சிரித்தால் மலையடிவாரத்துத் தெரு முழுக்கக் கேட்கும். ஒளித்து வைக்கலாம் என்றால், சிப்பாய்கள் மாவுப் பானையைக்கூட விடாமல் கிளறிப் பார்க்கிறவர்கள். துப்பாக்கிக்கும் குண்டுக்கும் அஞ்சாத அந்தக் கூட்டம் ஒன்றே ஒன்றுக்குத்தான் பயந்தது. அது காசநோய்.

எர்சிலியாவின் நாத்தனார் அதில்தான் செத்தாள். கூடவே இருந்து பார்த்ததால், அந்த நோய் எப்படி இருமும், எப்படி மூச்சு வாங்கும் என்பதெல்லாம் எர்சிலியாவுக்கு அத்துப்படி. மகளை உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்தாள்.

"தொண்டையிலேர்ந்து இல்லடீ, அடிநெஞ்சிலேர்ந்து வரணும். இருமி முடிச்சதும் வெட்கப்படற மாதிரி மூஞ்சியத் திருப்பிக்கோ."

"ஏம்மா வெட்கப்படணும்?"

"உங்க அத்தை அப்படித்தான் திருப்பிக்குவா."

டெல்ஃபீனா இருமிக் காட்டினாள். நன்றாகவே வந்தது. அடுத்த நொடி அவளுக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. "என்னை நாடகக் கம்பெனில சேத்து விட்டுடும்மா. ராணி மாதிரி வச்சுக் காப்பாத்தறேன்."

"சிரிச்சே, பல்லப் பேத்துடுவேன்" என்ற எர்சிலியாவும் சிரித்துவிட்டாள். அந்த வீட்டில் அவர்கள் சேர்ந்து சிரித்தது அதோடு சரி.

சிப்பாய்களிடம் மட்டும் சொன்னால் போதாது. அவர்கள் அக்கம்பக்கத்தில் விசாரிப்பார்கள். பொய் என்று தெரிந்து சொல்கிறவன் முகம் காட்டிக் கொடுத்துவிடும். நம்பிச் சொல்கிறவன் முகத்தில் எதைக் கண்டுபிடிக்க முடியும்? ஆகவே ஊரே நம்ப வேண்டும். ஊரை நம்ப வைக்க எர்சிலியா ஒன்றும் கஷ்டப்படவில்லை. அடுத்த வீட்டில் பிளாசிதா இருந்தாள். அவளிடம் ஒரு ரகசியத்தைச் சொன்னால் தேவாலய மணியடிப்பவனுக்கு அன்று வேலையே இருக்காது. எர்சிலியா கோழியை அறுத்து அதன் ரத்தத்தில் ஒரு துணியை நனைத்தாள். பிளாசிதா வருகிற நேரம் பார்த்துப் பொதுத் தொட்டியில் அதை அலசிவிட்டு, பதறினவள் போல சால்வைக்குள் ஒளித்தாள்.

"எர்சிலியா, அது என்ன?"

"யார்ட்டயும் சொல்லாத பிளாசிதா. உன் கால்ல விழறேன்."

அன்று மதியத்துக்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது.

அதற்குப் பலனும் கிடைத்தது. சிப்பாய்களின் தலைவன் வீடு வீடாகப் பெண்களைத் தேடி வந்தபோது, எர்சிலியா வாயைத் திறக்கும் முன்பே பிளாசிதா தெருவில் நின்று கத்தினாள்: "அந்த வீட்டுக்குள்ள போகாதீங்க, அந்தப் பொண்ணுக்கு எலும்புருக்கி." உள்ளேயிருந்து இருமல் கேட்டது. தலைவன் இரண்டடி பின்வாங்கிக் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டான். கதவில் சுண்ணாம்பால் ஒரு சிலுவை போடச் சொல்லிவிட்டுப் போனான். பிறகு எவனும் அந்தப் பக்கம் வரவில்லை. நியாயமாகப் பார்த்தால் அன்று டெல்ஃபீனாவைக் காப்பாற்றியது பிளாசிதாதான்.

சிப்பாய்கள் வரவில்லை, சரி. ஊரும் வரவில்லை. எர்சிலியா துணி துவைக்க, ஊர் அழுக்குத் தண்ணீர் வழியும் கடைசித் தொட்டிக்குக் கீழே போக வேண்டியிருந்தது. ஊர்ப் பொது அடுப்பில் அவள் ரொட்டி மாவை வைக்கவிடவில்லை. வீட்டுச் சாம்பலில் வேகவைத்த ரொட்டி மேலே கருகியும் உள்ளே பச்சையாகவும் இருந்தது. டெல்ஃபீனாவின் சிநேகிதிகள் ஜன்னலைத் தாண்டும்போது மூச்சை அடக்கிக்கொண்டு ஓடினார்கள்.

"நெஜமாவே நோய் வந்திருந்தாக்கூட இவ்ளோ அலுப்பா இருந்திருக்காதும்மா."

"வாயக் கழுவு. இவனுங்க போற அன்னிக்கே நடுத்தெருவுல நின்னு சொல்லிடறேன். பிளாசிதா மூஞ்சி எப்படிப் போகுதுன்னு அப்ப பாரு."

சிப்பாய்கள் டிசம்பரில் ஒரு காலையில் போனார்கள், ஊர் ஆடுகளை எல்லாம் ஓட்டிக்கொண்டு. எர்சிலியா முகத்தைக் கழுவி, நல்ல சால்வையைப் போட்டுக்கொண்டு வாசலில் கால் வைத்தாள். ஜெர்மன்காரர்கள் போனது ஆற்றுக்கு அக்கரையில் இருந்த ஆங்கிலப் பட்டாளத்துக்குத் தெரியாது. அவர்கள் பீரங்கிகள் அப்போதுதான் ஆரம்பித்தன. முதல் குண்டு தேவாலயக் கூரையில் விழுந்தது. ஊர் மொத்தமும் மலைமேல் இருந்த ஆட்டுக்குகைக்கு ஓடியது. அடிவாரத்து வீட்டிலிருந்து பனியில் ஏறி வந்த அம்மாவும் மகளும்தான் கடைசி.

குகை வாசலில் பிளாசிதாவின் புருஷன் சபீனோ கையை விரித்து மறித்தான். அவன் தோளுக்குப் பின்னால் பிளாசிதா நின்றாள், இடுப்பில் கைக்குழந்தையோடு.

"நீ வா எர்சிலியா. உனக்கு இடமிருக்கு. அவ வேண்டாம். ஊர்க் குழந்தைங்க அத்தனையும் உள்ளதான் இருக்கு. மூச்சு விடக்கூட எடமில்ல."

"அவளுக்கு ஒண்ணுமே இல்ல பிளாசிதா. நான் சொன்னது பொய். அது கோழி ரத்தம்."

"என் கண்ணால பாத்தேனே."

"நீ பாக்கணும்னுதானேடீ காட்டினேன்."

பிளாசிதா அவளைப் பரிதாபமாகப் பார்த்தாள். "என் பொண்ணா இருந்தா நானும் இப்படித்தான் சொல்லுவேன்" என்றாள். அதைக் கொஞ்சம்கூடக் குத்தலாகச் சொல்லவில்லை.

சரிவில் ஒரு குண்டு விழுந்து மண்ணும் பனியும் சிதறின. எர்சிலியா மகள் கையைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "அப்ப நானும் வெளியவே கெடக்கறேன்."

டெல்ஃபீனா அம்மாவைப் பார்த்தாள். பிறகு கையை மெதுவாக விடுவித்துக்கொண்டு இருமினாள். அடிநெஞ்சிலிருந்து, மூச்சு வாங்க, நிறுத்தாமல் இருமினாள். முடித்ததும் வெட்கப்படுவது போல முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"எங்கம்மாவால தாங்கிக்க முடியல, அதான் இப்படிப் பேசறா" என்றாள். "எனக்கு இருக்கு. அவள உள்ள இழுத்துக்கோங்க."

"பொய்யி, பொய் சொல்றா" என்று அலறினாள் எர்சிலியா. சபீனோவும் இன்னொருவனும் அவளைத் தூக்கினார்கள். அவள் சபீனோவின் கையைக் கடித்தாள். ரத்தம் வந்தும் அவன் விடவில்லை. ஒரு தாயைக் காப்பாற்றுகிறோம் என்றுதான் அவன் நினைத்தான். அந்தக் குகையில் கெட்டவர்கள் ஒருவரும் இல்லை, அதுதான் வயிற்றெரிச்சல். பெண்கள் அவளைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு தலையைத் தடவினார்கள். அழு, அழுதுவிடு என்றார்கள். வெளியே பூமி அதிர்ந்துகொண்டே இருந்தது.

சாயங்காலத்துக்குள் பீரங்கிகள் ஓய்ந்தன. வாசலுக்குப் பக்கத்திலேயே ஒரு பாறையடியில் டெல்ஃபீனா முழங்காலைக் கட்டியபடி சாய்ந்திருந்தாள். காதுக்குக் கீழே சின்னக் குண்டுத் துண்டு ஒன்றுதான் பாய்ந்திருந்தது. எர்சிலியா அவளைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினாள். கால் பக்கம் பிடிக்கக்கூட யாரும் வரவில்லை.

அந்த ஊரில் சவப்பெட்டியை மூடுவதற்கு முன் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒருவர் வந்து, இறந்தவர் நெற்றியில் முத்தமிட வேண்டும். மறுநாள் எல்லா வீட்டிலிருந்தும் வந்தார்கள். வந்தவர்கள் தெருவிலேயே, தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றார்கள். பிளாசிதா மட்டும் வாசல்படிவரை வந்தாள். அவள் கண்ணெல்லாம் வீங்கியிருந்தது.

"எப்படியும் வசந்தத்தப் பாத்திருக்க மாட்டா, எர்சிலியா. இழுத்துக்கிட்டுக் கெடக்காம போனாளே, அத நெனச்சு மனச ஆத்திக்கோ."

"அவளுக்கு ஒண்ணும் இல்ல."

"ஆமாம்மா. ஆமா."

எர்சிலியா அவளை வெறுக்கப் பார்த்தாள். முடியவில்லை. டெல்ஃபீனா குகைக்குள்ளே இருந்து, பிளாசிதாவின் மகள் வெளியே நின்று இருமியிருந்தால், வாசலை மறித்து நின்றிருப்பது தானாகத்தான் இருக்கும் என்று அவளுக்குத் தெரிந்தது. கல்லைக்கூட எடுத்திருப்பாள்.

அவள் பெட்டி பக்கம் திரும்பிக் குனிந்து மகளின் நெற்றியில் முத்தமிட்டாள். பிறகு, "இது ஆலைக்கார இயாகொபோ வீட்டுக்காக" என்று சொல்லி மறுபடி முத்தமிட்டாள். "இது கொல்லன் ஒராசியோ வீட்டுக்காக." மேல்தெருவிலிருந்து ஆரம்பித்து, ஒரு வீடும் விடாமல், பெயர் சொல்லிச் சொல்லி முத்தமிட்டுக்கொண்டே வந்தாள். பக்கத்து வீட்டு முறை வந்தபோது நிறுத்திவிட்டு வாசலைப் பார்த்தாள். பிளாசிதா ஒரு காலை எடுத்து உள்ளே வைத்தாள். பிறகு பின்னால் எடுத்துக்கொண்டாள்.

எர்சிலியா குனிந்து அந்த வீட்டுக்காகவும் முத்தமிட்டாள்.