காயாத பூச்சு

வலது தோள் வலித்தால் இடது கையால் தேய்ப்பேன். இடதும் வலித்தால் பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி வலதுக்கே வருவேன். நாற்காலிப் பட்டறையில் உப்புத்தாள் தேய்ப்பது என் வேலை, பதினான்கு வருஷமாக. அந்த வாரம் கை தலைக்கு மேலே போகவில்லை. சீப்பைப் பிடிக்க முடியாமல், இருந்த முடியை இருந்தபடி முடிந்துகொண்டு வேலைக்குப் போனேன்.

அந்த வலிக்குக் காரணம் நாற்காலி இல்லை. பன்னிரண்டு கட்டைமீன்கள்.

கட்டைமீன் என்று நாங்கள் சொல்வது தூண்டிலில் கட்டி இழுக்கிற பொய்மீன். பட்டறையில் கழித்துப்போடும் மரத்துண்டைச் செதுக்கித் தேய்த்து, செதில் வரைந்து, கண் ஒட்டி, மேலே எபாக்சிப் பிசின் பூசுவேன். பூச்சு கண்ணாடி மாதிரி நிற்க வேண்டும். விரல் எண்ணெய் ஒரு பொட்டுப் பட்டாலும் அம்மை கண்ட முகம் மாதிரி குழி விழுந்துவிடும். மூன்று வருஷம் கெடுத்துக் கெடுத்துத்தான் கற்றேன். எபாக்சி இரண்டு பாட்டிலாக வரும், பிசின் ஒன்று, அதை இறுகவைக்கிற ஹார்ட்னர் ஒன்று. பாட்டில்களை வெந்நீரில் வைத்து இளக்க வேண்டும். இரண்டையும் சரிபாதியாக அளந்து, குமிழ் ஏறாமல் மெதுவாகக் கலக்கி, மெல்லிசாகப் பூச வேண்டும். பூசிவிட்டுச் சும்மா தொங்கவிட்டால் வயிற்றில் சொட்டுத் தேங்கும். அதனால் பழைய மைக்ரோவேவ் அடுப்பில் தட்டைச் சுற்றவைக்கிற மோட்டாரைக் கழற்றி, ஒரு சட்டத்தில் மீன்களைக் குத்தி, ஆறு மணி நேரம் சுற்றவிடுவேன். சமையலறையில் அது சுற்றும்போது யாரும் பெருக்கக் கூடாது, துணி உதறக் கூடாது. அண்ணி தும்மல் வந்தால்கூட வாசலுக்கு ஓடிப்போய்த் தும்மிவிட்டு வருவாள்.

அண்ணன் படகுப் பட்டறையில் ஃபைபர் படகின் ஓட்டையைப் பிசின் வைத்து அடைக்கிறவன். அங்கே அவனுக்குப் பெயரே பிசின்தான். என் மீன்களைத் தூண்டில் கடைக்குக் கொண்டுபோய்க் கொடுப்பது அவன் பொறுப்பு. நான் வேலை விட்டு வருவதற்குள் கடை மூடிவிடும். இரண்டு வருஷம் இப்படியே போனது. ஒரு விடுமுறை நாளில் பார்க்கலாமே என்று நானும் கூடப் போனேன்.

கண்ணாடி அலமாரியில் முதல் வரிசை முழுக்க என் மீன்கள். கீழே ஒரு அட்டை: ‘பிசின் கைவேலை’. மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றியிருந்த கடைக்காரர், யார் இது என்று கேட்டார்.

“என் தங்கச்சி. எனக்கு உப்புத்தாள் தேய்ச்சுக் குடுப்பா” என்றான் அண்ணன்.

கடைக்காரர் ஒரு மீனை எடுத்து என் கையில் வைத்தார். “தொட்டுப் பாரும்மா, உங்க அண்ணன் கை எப்படின்னு.”

தொட்டுப் பார்த்தேன். நல்லா இருக்கு என்றேன்.

திரும்பி வரும் வழியில் கேட்டேன். பொம்பளை செய்ததென்றால் எவன் வாங்குவான், எல்லாம் ஒரே வீட்டுக்குத்தானே வருகிறது என்றான். அடுத்த தடவை போகும்போது உண்மையைச் சொல்லிவிடு, அது போதும் என்றேன். சரி சரி என்றான். அதற்குப் பிறகு மூன்று தடவை போனான். மூன்று தடவையும் வந்ததும் அவன் முகத்தைப் பார்த்தேன். சொல்லவில்லை என்று கேட்காமலே தெரிந்தது.

அதன் பிறகுதான் அந்தப் பன்னிரண்டு வந்தது. தூண்டில்காரர்களின் போட்டிக்கு ஒரே அளவில், ஒரே நிறத்தில், சனிக்கிழமைக்குள் வேண்டும் என்று கடைக்காரர் கேட்டிருந்தார். மூன்று வாரம் செதுக்கினேன், தேய்த்தேன், வரைந்தேன். வியாழக்கிழமை தூரிகையைக் கழுவி வைத்துவிட்டு, பூச்சை நீயே போடு, உன் கைவேலைதானே என்று அண்ணனிடம் சொன்னேன்.

சிரித்தான். “இதென்ன பெரிய வித்தையா? இருபது வருஷமா பிசின்லயே குளிச்சிட்டிருக்கேன்.”

அங்கேதான் அவன் மாட்டுவான் என்று எனக்குத் தெரியும். படகுப் பிசின் வேறு. அதில் ஹார்ட்னர் சொட்டுக் கணக்கு. குளிர் நாளில் காயாது என்று தோன்றினால் நாலு சொட்டு கூட விடுவார்கள், சீக்கிரம் இறுகும். எபாக்சியில் அந்தக் கதை நடக்காது. இரண்டும் சரிபாதிதான். ஹார்ட்னர் கூடிப்போனால், கூடினது இறுகாமல் உள்ளேயே கிடந்து என்றைக்கும் பிசுபிசுக்கும்.

அன்றைக்கு விடாத மழை. பாட்டிலில் எல்லாம் எழுதித்தான் இருந்தது, எறும்பு மாதிரி எழுத்தில். அண்ணனின் மூக்குக் கண்ணாடி படகுப் பட்டறையில் கிடந்தது. நான் சமையலறை வாசலில் நின்றேன். அவன் ஊற்றினான். ஜன்னல் வழியாக வானத்தைப் பார்த்தான். “குளிருக்குக் கொஞ்சம் கூட இருக்கட்டும்” என்று தனக்கே சொல்லிக்கொண்டு ஹார்ட்னரை இன்னொரு தடவை சாய்த்தான்.

என் நாக்கு வாயில்தான் இருந்தது. அசைக்கவில்லை.

அண்ணி என்னைப் பார்த்தாள். நான் எத்தனை தடவை சரிபாதி அளந்திருக்கிறேன் என்று அவளுக்குத் தெரியும். மோட்டார் சுற்ற ஆரம்பித்ததும் விளக்குமாற்றை எடுத்து அந்த அறையை மூலை முடுக்கு விடாமல் பெருக்கினாள்.

சனிக்கிழமை மீன்கள் பார்க்கப் பளபளவென்றுதான் இருந்தன. லேசாக ஒட்டுகிறது, போகப் போகச் சரியாகிவிடும் என்று சொல்லி ஒவ்வொன்றையும் செய்தித்தாளில் சுற்றினான். பெட்டியைத் தூக்க ஆள் வேண்டும் என்று என்னையே லீவு போடச் சொல்லிக் கூட்டிப் போனான். வலிக்கிற தோளில் தூக்கிக்கொண்டு போனேன். அந்தப் பாரம் எனக்குப் பாரமாகத் தெரியவில்லை.

கடையில் போட்டிக்காரர்கள் நாலைந்து பேர் நின்றிருந்தார்கள். கடைக்காரர் தாளைப் பிரித்தார். தாள் வரவில்லை. இழுத்தார், பாதி வந்தது. மீன் வயிற்றில் நாளைய வானிலைச் செய்தி ஒட்டிக்கொண்டிருந்தது. முதுகில் அவர் கட்டைவிரல் ரேகை அப்படியே பதிந்தது. அடுத்ததை எடுத்தார், அதில் அண்ணி பெருக்கின தூசி.

“பிசின்னு பொருத்தமாத்தான் பேரு வெச்சிருக்காங்க” என்றார் ஒருவர். எல்லோரும் சிரித்தார்கள். அண்ணன் முகத்தில் ஈயாடவில்லை.

போட்டி அடுத்த ஞாயிறுதான், சரிசெய்து கொடுத்தால் எடுத்துக்கொள்கிறேன் என்றார் கடைக்காரர். அண்ணன் திரும்பி என்னைப் பார்த்தான். நான் காத்திருந்தேன். அப்போது சொல்லியிருந்தால்கூடப் போதும், பன்னிரண்டையும் அன்றைக்கே சுரண்ட உட்கார்ந்திருப்பேன்.

“பூச்சு மருந்து கெட்டுப்போனது. வித்தவன் ஏமாத்திட்டான்” என்றான் அவன்.

வீட்டுக்கு வந்து சமையலறைத் தரையில் உட்கார்ந்தான்.

“நீ தெரிஞ்சேதானே வாயை மூடிக்கிட்டு இருந்தே?”

“ஆமா.”

“சொல்லியிருக்கலாம்ல?”

“நீயும்தான் சொல்லியிருக்கலாம், அண்ணே.”

மறுநாள் ஒரே ஒரு மீனை எடுத்தேன். கத்தியால் வழித்து, ஸ்பிரிட் துணியால் துடைத்து, தேய்த்து, திரும்ப வரைந்து, அளந்து பூசினேன். காய்ந்ததும் அவன் கையில் வைத்தேன். வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தான். ஜன்னல் கம்பிகள் கோணாமல் அதன் வயிற்றில் தெரிந்தன.

இன்னும் பதினொன்று இருக்கிறதே என்றான். இருக்கிறது, நீ கடையில் சொல்லிவிட்டு வா, செய்கிறேன் என்றேன்.

போட்டி முடிந்துபோய்விட்டது. அண்ணன் புது மோட்டார் வாங்கி வந்தான். தோளுக்குத் தைலம் வாங்கி வந்தான். தைலத்தை எடுத்துக்கொண்டேன். மீன்களைத் தொடவில்லை. பதினொன்றும் சமையலறைக் கொடியில் தொங்குகின்றன. கொசு ஒட்டுகிறது, அண்ணியின் முந்தானை ஒட்டுகிறது. மூன்று வார உழைப்பு எனக்கும்தான் போனது. போகட்டும்.

அண்ணன் எனக்கு ஒரு வாக்கியம் தர வேண்டும். அந்தக் கடையில், அந்த ஆளின் முன்னால், “இதெல்லாம் என் தங்கச்சி செஞ்சது” என்று. இன்னும் தரவில்லை.