ஹலீமாவின் லேசர்

பத்திரிகையில் வந்த அந்தப் படம் ஹலீமாவின் தூக்கத்தைக் கெடுத்துவிட்டது. வெளிநாட்டில் லேசர் கதிரால் துணியில் பூப்பூவாக வெட்டுகிறார்களாம், ஓரத்தில் ஒரு நூல்கூடப் பிரியாதாம். ஏற்காடு பஸ் ஸ்டாண்டை ஒட்டித் தையல் கடை வைத்திருப்பவள் லேசருக்கு எங்கே போவாள்? ரேடியோ ரிப்பேர் பார்க்கும் கணவன் நூர் முகமதின், ஈயம் உருக்கி ஒட்டும் சால்டரிங் அயனைக் கேட்காமல் எடுத்துக்கொண்டாள்.

பருத்தி கருகியது. பட்டுத் துண்டு முடி எரிந்த நாற்றத்தோடு பொசுங்கியது. பாலியஸ்டர் மட்டும் வெண்ணெயாய் உருகி, ஓரம் தானே ஒட்டிக்கொண்டது. இதழைச் சுற்றி எம்பிராய்டரி போட்டு உள்ளே வெட்டியதும் நூர் முகமதே அயனைத் திருப்பிக் கேட்க மறந்தான். அது அடிக்கடி நடக்கிற காரியமல்ல. அயனுக்கு லேசர் என்றே பெயர் வைத்துவிட்டாள் ஹலீமா.

முதல் ஆர்டரே வம்பாக வந்தது. எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர் கிறிஸ்துதாஸின் மனைவி சாந்தாமேரி, கல்யாண நாளுக்குக் கணவர் வாங்கித் தந்த பட்டுச்சேலையை நீட்டினாள். மாதா கோயில் திருவிழாவுக்கு முந்தானை முழுக்க லேசர் பூ வேண்டுமாம். பட்டு தாங்காது என்று ஹலீமா எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள்.

"பொசுங்குனா என்னோட போவட்டும் கண்ணு, வெட்டு."

சேலை பொசுங்கினால் இந்த மலையில் ஒருத்தியும் தனக்கு ரவிக்கைகூடத் தைக்கக் கொடுக்கமாட்டாள். பிஸ்மி சொல்லி அயனை வைத்தாள். முடி நாற்றம் வரவில்லை, சேலை வெண்ணெயாய் உருகியது. போன உயிர் திரும்பியது. கூடவே, பட்டு என்று ரைட்டர் கொடுத்தது என்ன என்பதும் புரிந்தது. வாயை இறுக மூடிக்கொண்டாள்.

திருவிழா முடிந்த மறுநாள் கடை வாசலில் அசல் பட்டுகளோடு ஒரே கூட்டம். வாழவந்தி ஊரிலிருந்து வெள்ளையம்மாள் தன் கல்யாணக் கூறைப்பட்டையே தூக்கி வந்திருந்தாள். பட்டில் முடியாது என்றால் ரைட்டரம்மாவின் மானம் போகும். முடியும் என்றால் கூறைப்பட்டு போகும்.

"லேசரு கெட்டுப்போச்சுங்க, இனி ஓடாதுங்க" என்றாள் ஹலீமா. ஆசை ஆசையாய்ச் செய்த தொழிலைத் தானே குழி தோண்டிப் புதைத்தாள்.

கூலி கொடுக்க வந்து பின்னால் நின்ற சாந்தாமேரி கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னே வந்தாள்.

"அதெல்லாம் கெடலீங்க. என்ற சேலை பாலியஸ்டருங்க. தெரிஞ்சுதான் வெட்டக் குடுத்தேன். அவருகிட்ட மட்டும் சொல்லிப்போடாதீங்க. பட்டுன்னு நான் நம்பிட்டேன்னு அவரு நொம்ப நாளா நம்பிட்டிருக்காரு."

வெள்ளையம்மாள் கூறைப்பட்டை மடித்து இடுப்பில் இடுக்கிக்கொண்டு, உடுத்தியிருந்த பாலியஸ்டர் சேலையின் முந்தானையை ஹலீமாவிடம் நீட்டினாள்.