விடிந்தும் ஆறாத தரை

விதை போட்டு மூன்று நாள்தான் ஆகியிருந்தது. தண்ணீர்ச் செம்போடு இருட்டறைக்குள் காலை வைத்த சங்கிலியம்மாள் அப்படியே நின்றுவிட்டாள். இருபத்தோரு சட்டியிலும் முளை ஒரு சாணுக்கு எழும்பியிருந்தது. மூன்றாம் நாள் பயறு எருவைக் கீறிக்கொண்டு எட்டிப் பார்த்தாலே அதிகம். இவையோ நூல் மாதிரி மெலிந்து, வெளுத்து, கீழே எதையோ கண்டு பயந்து நுனிக்காலில் நிற்பது போல நின்றன.

காளியம்மன் பொங்கலுக்கு முளைப்பாரி வளர்க்கிற பொறுப்பு ஆறு வருஷமாக அவளுடையது. இருபத்தோரு வீட்டுப் பெண்கள் கொண்டுவந்து கொடுக்கிற பயறை எருவும் வைக்கோலும் போட்ட சட்டிகளில் விதைத்து, இருட்டறைக்குள் வைத்து, ஒரு பொழுது மட்டும் சாப்பிட்டுக்கொண்டு, ஒன்பது நாளும் அவள் ஒருத்திதான் தண்ணீர் தெளிக்க வேண்டும். ஒன்பது நாளைக்கு அந்தச் சட்டிகள் வாசல் தாண்டக்கூடாது. பாரி தழைத்தால் வீடுகள் தழைக்கும். கருகினால் வளர்த்தவள் சுத்தமில்லாதவள். கெங்குவார்பட்டியில் அப்படிப் பெயரெடுத்த ஒருத்தியை அவளுக்குத் தெரியும். பதினோரு வருஷமாக அந்தப் பெண் கையால் யாரும் தண்ணீர் வாங்கிக் குடிப்பதில்லை.

எப்போதும் கருத்தக்கண்ணன் வீட்டு மண்ணறையில்தான் பாரி வளரும். ஆனால் ரயில் வந்த பிறகு தேனி வேறு ஊராகிவிட்டது. சந்தை பெருத்தது. பஞ்சுக் கிட்டங்கிகள் வரிசையாக எழும்பின, எல்லாம் தகரக் கூரை. வழிநெடுக நின்ற புளியும் வேம்பும் போயின. ஊருணியைத் தூர்த்து, அதன்மேல் பலவேசம் முதலாளி வீடு கட்டினார். வழுவழுவென்று சிமெண்டுத் தரை, மூன்று பக்கமும் அவருடைய கிட்டங்கிகள். தெருவில் இப்படி ஒரு வீடு இருக்கும்போது ஆத்தாளை மண்வீட்டில் உட்கார வைப்பது குறைச்சல் என்று, இந்த வருஷம் பாரியை அங்கே வைக்கப் பெரியவர்கள் முடிவு செய்துவிட்டார்கள்.

வெளியே வந்தவளைக் கும்மிப் பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள்.

"முளை எப்பிடி மதினி?" என்று கேட்டாள் பஞ்சம்மாள்.

"சாணுக்கு நிக்கிது."

"சாணுக்கா? நீ தண்ணி ஊத்துறியா, பாலு ஊத்துறியா?" பஞ்சம்மாள் மற்றவர்கள் பக்கம் திரும்பினாள். "பாத்தீகளா? மண்ணு வீட்டுல வச்சு இத்தன வருசமா ஆத்தாளப் பட்டினி போட்டுருக்கோம்."

எல்லோரும் சிரித்தார்கள். சங்கிலியம்மாளும் சிரித்து வைத்தாள்.

மறுநாள் வெளிச்சம் வருமுன்னே விளக்கோடு போனாள். முளைகள் தலை சாய்ந்து கிடந்தன. உள்ளே புளித்த வாடை. உள்ளங்காலில் தரை சுட்டது. அடுப்புச் சூடு இல்லை அது. காய்ச்சல்காரன் வயிற்றைத் தொட்டால் இருக்குமே, அந்தச் சூடு. ஒரு சட்டியைத் தூக்கினாள். அடியில் வட்டமாக ஈரம் இருந்தது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்த வட்டம் ஓரத்திலிருந்து சுருங்கி, காசளவாகி, இல்லாமல் போயிற்று.

"ஒங்களுக்கும் சுடுதாக்கா?"

வாசலில் முதலாளியின் பெண்சாதி கஸ்தூரியம்மாள் நின்றிருந்தாள். கண்கள் குழிந்திருந்தன.

"இன்னும் பொழுதே கெளம்பலையே தாயி. எப்பிடிச் சுடும்?"

"ரெண்டு மாசமா ஈரச்சேலைய விரிச்சுப் படுக்கேன். செத்த நேரத்துல மொறமொறன்னு ஆயிருது. பகல்ல குடிச்ச வெயில விடிய விடியக் கக்குது இந்த வீடு. தரையி, செவுரு, சுத்தி இருக்குற தகரம், எல்லாந்தான். அவுககிட்டச் சொன்னா, புது வீட்டு மவுசு ஒனக்குத் தெரியலைங்காக." அவள் குரலைத் தாழ்த்தினாள். "கீழ ஊருணி கெடக்குல்ல. மூடிட்டாத் தூங்கிருமா?"

சங்கிலியம்மாள் ஒரு முளையைக் கிள்ளிப் பார்த்தாள். அடி கொழகொழத்திருந்தது.

"ரெண்டு நாள் தாங்காது. எம் பேரு போச்சு."

"எம் பேருந்தான். வெளங்காத வீட்டுக்காரிம்பாக."

சங்கிலியம்மாள் தெருவில் இறங்கி நடந்தாள். புழுதி வெதுவெதுப்பாக இருந்தது. கிட்டங்கிச் சுவரில் கை வைத்தாள். அதுவும் அப்படியே. கடைசிக் கிட்டங்கியைத் தாண்டியதும் நாய்களைப் பார்த்தாள். ஊர் நாய்கள் அத்தனையும், முப்பது நாற்பது இருக்கும், ரோட்டுக்குக் குறுக்கே ஒரே வரிசையில் படுத்திருந்தன. யாரோ கோடு கிழித்து அடுக்கியது போல. மூஞ்சிகள் எல்லாம் கொட்டக்குடி ஆற்றுப் பக்கம். வரிசைக்கு இந்தப் பக்கம் ஒரு வால்கூட நீளவில்லை.

அவள் நாய்களுக்கு நடுவே காலை எடுத்து வைத்தாள். மண் குளிர்ந்திருந்தது. ஓரடி பின்னால் வைத்தாள். சுட்டது. மறுபடி முன்னால் வைத்தாள். குளிர்ந்தது. ஒரு நாய் கண்ணைத் திறந்து அவளைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டது.

அங்கிருந்து கூப்பிடு தூரத்தில்தான் அவள் புருஷன் ஒச்சாண்டியின் மாட்டுக் கொட்டம், ஆற்றோரத்தில், கூரை வேய்ந்தது. அவன் மாட்டுக்குக் கூளம் போட்டுக்கொண்டிருந்தான். சட்டிகளை இங்கே கொண்டுவந்துவிடலாம் என்று அவள் சொன்னதைக் கேட்டதும் கையிலிருந்ததைக் கீழே போட்டான்.

"ஒனக்குப் புத்தி பெசகிருச்சா? பாரி வாசல் தாண்டலாமா?"

"தாண்டாட்டிச் செத்துரும்."

"ஆத்தா கேட்டா?"

"ஆத்தாளுக்கும் காலு சுடும்ல."

ஒச்சாண்டி மாடுகளின் கழுத்துச் சலங்கையை அவிழ்த்து வைத்தான். மறுநாள் விடியக்கருக்கலில் சங்கிலியம்மாளும் கஸ்தூரியம்மாளும் சட்டிகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுக்க, பஞ்சுச் சாக்குகளை மேலே போர்த்தி வண்டி சத்தமில்லாமல் போயிற்று.

அதன்பிறகு ஒவ்வொரு சாயங்காலமும் பெண்கள் பூட்டிய காலி அறைக்கு முன்னால் கும்மியடித்தார்கள். சங்கிலியம்மாள் வழக்கம் போலச் செம்போடு உள்ளே போய், கதவைச் சாத்தி, இருட்டில் நிற்பாள். தண்ணீரைத் தரையில் ஊற்றுவாள். அது உடனே காணாமல் போகும். ஏழாம் நாள், வெளியே கும்மித் தட்டு விழ விழ, உள்ளே அதே தாளத்தில் ஏதோ பதில் தட்டியது. டக். டக். டக். தகரம் சுருங்குகிற சத்தம் என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். ஆனால் தகரம் மேலே இருந்தது. சத்தம் அவள் காலுக்கடியிலிருந்து வந்தது.

வெளியே வந்ததும் பஞ்சம்மாள் அவள் முந்தானையை முகர்ந்தாள்.

"பச்ச முளை வாசம் கமகமங்குது மதினி."

சங்கிலியம்மாள் முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

இராத்திரிகளில் அவள் போய்த் தண்ணீர் தெளித்துவர, கொட்டத்தில் பாரிகள் பிழைத்துக்கொண்டன. ஒன்பதாம் நாள் விடியுமுன் அதே வண்டியில் திரும்பி வந்தன. பொழுது அடைந்தபின், ஊர் கூடி நிற்கக் கதவைத் திறந்தாள். முழ உயரத்துக்குத் தளதளவென்று நின்ற பாரியைக் கண்டதும் குலவைச் சத்தம் தெருக்கோடிக்குக் கேட்டது. இருபத்தோரு பெண்கள் தலையில் ஏற்றிக்கொண்டு தெருவில் இறங்கினார்கள். சங்கிலியம்மாள் அப்போதுதான் கையிலிருந்த செம்பைக் கீழே வைத்தாள்.

பலவேசம் முதலாளி மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு முன்னால் வந்தார்.

"எப்பவும் இப்பிடி வளந்ததில்லைன்னு பெரியவுக சொல்றாக. ஆத்தாளுக்குப் புடிச்ச தரை எதுன்னு நமக்குக் காட்டிட்டா. கோயில சுத்தி நிக்கிற வேம்ப எடுத்துட்டு, இதே மாதிரி சிமெண்டுத் தளம் போட்டு, தகரக் கொட்டகை நானே போட்டுத் தாரேன். வாரவருசம் பாரி அங்கனயே வளரட்டும்."

கூட்டம் ஆமோதித்தது. கஸ்தூரியம்மாள் நிலைப்படியில் கையை ஊன்றிக்கொண்டு சங்கிலியம்மாளையே பார்த்தாள்.

"ஒரு வார்த்த சொல்லு மதினி. ஒங்கைல வளந்ததுதான" என்றாள் பஞ்சம்மாள், தலைச்சட்டியைப் பிடித்தபடி.

சொல்லலாம். சொன்னால் பாரி வாசல் தாண்டியது தெரியும். இருபத்தோரு வீட்டு நேர்ச்சையும் பாழ் என்பார்கள். சங்கிலியம்மாள் கெங்குவார்பட்டிக்காரியின் யாரும் தொடாத குடத்தை நினைத்துக்கொண்டாள்.

"நல்லதுங்க" என்றாள்.

மேளம் எழுந்தது. அப்போதுதான் அவள் பார்த்தாள். பாரி சுமந்த இருபத்தோரு பெண்களும் நின்ற இடத்திலேயே காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருந்தார்கள். இடது, வலது, இடது, வலது. ஒருத்திக்கும் அது தெரிந்ததாகத் தோன்றவில்லை. பின்னால் நின்ற ஆண்களும் அப்படியே செய்தார்கள்.

"ஆத்தா வந்துட்டா" என்று யாரோ கைகூப்பினார்கள். மேளக்காரன் அந்தக் கால்களுக்குத் தக்கபடி அடியை மாற்றினான்.

சங்கிலியம்மாள் பல்லைக் கடித்து, சுடுகிற தரையில் அசையாமல் நிற்கப் பார்த்தாள். முடியவில்லை. அவள் காலும் எழுந்தது.