தேக்கடிக்குக் கிளம்பிய குடும்பம்

1.

இந்தக் கதையில் எனக்குச் சொந்தமில்லாத வரி ஒன்று இருக்கிறது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். திண்டுக்கல்லிலிருந்து செம்பட்டி போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் ஒரு பெண் போனில் பேசிக்கொண்டு வந்தாள். "ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டவே மாட்டேங்குதுடி. அவுக ஊருக்குப் போறதுக்குள்ள எப்படியாச்சும் ஒட்ட வச்சிரணும்." அவ்வளவுதான் காதில் விழுந்தது. செம்பட்டியில் இறங்கிப் போய்விட்டாள். எது ஒட்டவில்லை, யார் எந்த ஊருக்குப் போகிறார்கள், ஒன்றும் தெரியாது. பின்னாலேயே ஓடிப்போய்க் கேட்டிருந்தால் செருப்பைக் கழற்றியிருப்பாள். ஆகவே மிச்சத்தை நானே இட்டுக்கட்டுகிறேன்.

2.

முதல் தொடக்கம்: "மேற்கு மலையின் மடியில், பனி மூடிய அந்த அதிகாலையில்…"

வேண்டாம். லாட்ஜ் விளம்பரம் மாதிரி இருக்கிறது.

இரண்டாவது: "வினோலியாவுக்கு அன்று தூக்கமே…"

பொய். அவள் குறட்டை விட்டுத் தூங்குகிற ஆள்.

மூன்றாவது (இதை வைத்துக்கொள்வோம்): வினோலியா திண்டுக்கல்லில் கணக்கு டீச்சர். அவளுடைய அண்ணன் இனிகோ மஸ்கட்டில் வேலை பார்த்தவன். இந்தக் கோடை லீவு முடிந்ததும் குடும்பத்தோடு கனடாவுக்குக் குடிபோகிறான். அதற்கு முன் எல்லோரும் ஒரே கூரைக்குக் கீழே கொஞ்ச நாள் இருப்போம் என்று, ஆத்தூர் அணைக்குப் பக்கத்தில் ஒரு தோப்பு வீட்டை வினோலியா வாடகைக்குப் பிடித்தாள். கடைசி நாள் வேனில் தேக்கடி போய், தேசியப் பூங்காவில் படகேறி, பிள்ளைகளுக்கு யானை காட்டுவதாக ஏற்பாடு.

(ஆத்தூர் எங்கே, தேக்கடி எங்கே என்று நீங்கள் கேட்கலாம். வத்தலக்குண்டு, தேனி, கம்பம் எல்லாம் தாண்டவேண்டும். ஆனால் இந்தப் பக்கத்து ஆட்களைக் கேட்டால் "இந்தா, பக்கந்தானே" என்பார்கள். நான் அவர்கள் கட்சி.)

யானை அவளுக்கு ஒரு சாக்குதான். வினோலியாவின் மகள் நான்சிக்கு ஐந்து வயது. இனிகோவின் மகன் ஜெரினுக்கு ஆறு. நேரில் பார்த்துக்கொள்வது இதுதான் முதல் தடவை. வினோலியாவும் இனிகோவும் ஒரே தட்டில் சாப்பிட்டு வளர்ந்தவர்கள். பிள்ளைகளும் அப்படி ஒட்டிக்கொண்டால் கடல் தாண்டியும் உறவு நிற்கும், இல்லையென்றால் தங்களோடு முடிந்துவிடும் என்று அவள் பயந்தாள். யானையைக் கண்ட பயத்திலாவது இரண்டும் கையைப் பிடித்துக்கொள்ளாதா என்பது அந்தக் கணக்கு டீச்சரின் கணக்கு.

3.

ஏன் ஒட்டவில்லை என்பதற்குக் காரணம் வினோலியாவின் அப்பா பாஸ்கல்.

கார் வந்து நின்றதுமே அவர் ஆரம்பித்துவிட்டார். "ஏலே ஜெரினு, ஒம் பொண்டாட்டி நிக்கிறா பாரு."

எல்லோரும் சிரித்தார்கள். அத்தை மகள், மாமன் மகன். இந்த ஊரில் முறை என்று ஒன்று இருந்துவிட்டால் கேலி பேசாமல் விடமாட்டார்கள். மஸ்கட்டில் வளர்ந்த பையனுக்கு இது தெரியுமா? "அய்யே" என்று அப்பாவின் காலுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டான். புதுக் கவுன் போட்டு வாசலில் நின்ற நான்சி அதைப் பார்த்தாள். அவனுக்கென்று வைத்திருந்த சாக்லேட்டைப் பிரித்து, அவன் பார்க்க, தானே தின்றாள். அதற்குப் பிறகு பேச்சே இல்லை.

(பாஸ்கலை வில்லனாக்கிப் பார்த்தேன், நடக்கவில்லை. "நான் வாய வச்சுக்கிட்டுச் சும்மா இருந்துருக்கலாம்" என்று அன்று மதியமே அவர் வருத்தப்பட்டார். இப்படிப்பட்ட ஆளை வைத்துக்கொண்டு என்ன வில்லத்தனம் செய்வது? இன்னொன்று: வினோலியாவின் புருஷனும் இனிகோவின் மனைவியும் கதை முழுக்க அங்கேதான் இருக்கிறார்கள். நல்ல மனிதர்கள். அவர்களுக்குக் கொடுக்க என்னிடம் வசனம் இல்லை.)

4.

பாஸ்கல் கல்யாண வீட்டுக்குப் போனாலும் துட்டி வீட்டுக்குப் போனாலும் கையோடு ஒரு திண்டுக்கல் பூட்டைக் கொண்டுபோகிறவர். அடுத்தவன் பூட்டில் அவருக்கு நம்பிக்கை கிடையாது. கடைசி நாள் விடியும் நேரத்தில் எல்லோரும் பம்புசெட்டில் குளிக்கப் போனார்கள். பைகள், போன்கள், மாற்றுத்துணி எல்லாம் வீட்டுக்குள். கடைசியாக வந்த பாஸ்கல் தன் பூட்டைக் கதவில் மாட்டி அமுக்கினார். சாவி இல்லாமலே பூட்டிக்கொள்ளும் வகை அது. சாவியோ, அவர் கழுத்தில் போடும், மாதா படம் தைத்த துணி உத்தரியத்தின் கயிற்றில் முடிந்து கிடப்பது. உத்தரியம் நனையக்கூடாது என்று உள்ளே ஆணியில் மாட்டிவிட்டு வந்திருந்தார்.

ஈரத்தோடு திரும்பினால் வேன் வந்து நிற்கிறது. இனிகோ ஒரு கல்லை எடுத்தான்.

"கல்லக் கீழ போடுலே. நம்ம ஊருப் பூட்டு. கல்லுக்கெல்லாம் அசையாது."

"பெருமை வேறயாப்பா? சாவி எங்க?"

"உள்ளதான் இருக்கு. பத்திரமா."

இந்த இடத்தில் ஒரு சண்டை வரவேண்டும். கதை இலக்கணம் அப்படித்தான் சொல்கிறது. எழுதினேன்: "இத்தனை வருடமாக அடக்கி வைத்திருந்த கோபமெல்லாம் இனிகோவின் தொண்டையில்…"

அடித்துவிட்டேன். இனிகோ துண்டோடு அந்தக் கல்லின் மேலேயே உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரித்தான். அப்பாவும் சேர்ந்துகொண்டார். நான் என்ன செய்ய?

5.

ஜன்னலில் ஒரு கம்பி வளைந்திருந்தது. பெரியவர்கள் நுழைய முடியாது. ஜெரினின் தலை நுழையவில்லை. நான்சி நுழைந்துவிட்டாள்.

ஒரு முடிவு: நான்சி பெட்டி மேல் ஏறிச் சாவியை எடுத்துக் கொடுக்கிறாள். எல்லோரும் தேக்கடி போகிறார்கள். யானை வருகிறது.

இதை முழுதாக எழுதியும் பார்த்தேன். யானை அருமையாக வந்தது. பிள்ளைகள் பயந்துபோய் அவரவர் அம்மாவைப் பிடித்துக்கொண்டார்கள். கிழித்துப் போட்டேன்.

இன்னொன்று:

"நான்சி, சாவி கெடைச்சிருச்சா?"

"கெடைச்சிருச்சு."

"குடு தங்கம்."

"செத்த நேரம் இருங்க."

உள்ளே நறுக்கென்று ஒரு சத்தம். வழிக்கென்று கட்டி வைத்த முறுக்கு டப்பாவைத் திறந்துவிட்டாள் என்று வினோலியாவுக்குப் புரிந்தது. ஜெரினுக்கும் புரிந்தது. கவிழ்ந்து கிடந்த வாளியில் ஏறி, கம்பிக்குள் கையை நீட்டினான். கை கொஞ்ச நேரம் சும்மா நின்றது. பிறகு அதில் ஒரு முறுக்கு வந்தது.

"யானை முட்டுமா?" என்று கேட்டான்.

"தெரியல. எனக்குப் பயமாத்தான் இருக்கு."

"எனக்கும்."

இரண்டு பேரும் கடித்தார்கள்.

"அப்ப சாவியக் குடுக்காத."

"குடுக்க மாட்டேன்."

இனிகோ ஜன்னலுக்குப் போக எழுந்தான். வினோலியா அவன் கையைப் பிடித்து உட்காரவைத்தாள். "அண்ணே, சும்மா இரு." நனைந்த சேலையின் குளிரில் பல் கிட்டியது. இவ்வளவு சந்தோஷமாக அவள் இருந்து ரொம்ப நாளாகிறது.

வேன் ஓட்டும் சடையாண்டி எட்டிப் பார்த்தார். "டீச்சர், இப்பக் கெளம்புனாத்தான் படகு கெடைக்கும்."

"படகு கெடக்கட்டும்ணே. நீங்க டீ குடிச்சுட்டு வாங்க."

6.

இத்தோடு முடித்திருந்தால் எனக்கும் நல்லது, உங்களுக்கும் நல்லது. ஆனால் ஜன்னலில் பேச்சு நிற்கவில்லை.

"ஒங்க புது வீடு எங்க இருக்கு?"

"கனடால."

"வேன்ல வரலாமா?"

ஜெரின் யோசித்தான். "வரலாம்."

"அப்ப நாளைக்கு வாரேன்."

"சரி. முறுக்கு எடுத்துட்டு வா."

வினோலியா சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். சிரித்தபடியே ஈரத் துண்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். இனிகோ தங்கச்சியின் தலையில் கையை வைத்தான். அவனுக்கு நான் வசனம் தேடவில்லை.

இப்போது சாவி நான்சியின் கைக்குள். டப்பாவில் முறுக்கு பாதி இருக்கிறது. நான் இன்னும் ஒரு வரி எழுதினால் போதும், கதவு திறந்துவிடும், வேன் கிளம்பும், அதன் பின்னால் விமானமும் கிளம்பிவிடும். நான் எழுதப்போவதில்லை. வேன்ல வர முடியாது என்பதை அந்தப் பிள்ளையிடம் யாராவது சொல்லித்தான் ஆகவேண்டும் என்றால், ஜன்னல் அந்தப் பக்கம்தான் இருக்கிறது. நீங்கள் போய்ச் சொல்லுங்கள்.